ஒரே சுரம், ஐந்து இடங்கள்

கிட்டாரின் முதல் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் ‘ஈ’ என்ற சுரம் கேட்கும். விநாடிக்கு ஏறத்தாழ 330 அதிர்வுகள். இதே ஈ இரண்டாம் தந்தியின் 5ஆவது ஃபிரெட்டிலும் இருக்கிறது. மூன்றாம் தந்தியில் 9ஆவது, நான்காம் தந்தியில் 14ஆவது, ஐந்தாம் தந்தியில் 19ஆவது ஃபிரெட்டிலும் இருக்கிறது. ட்யூனரை வைத்துப் பார்த்தால் ஐந்துக்கும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். காது அப்படிச் சொல்லாது. திறந்த முதல் தந்தி கணீரென்று, கொஞ்சம் மெலிதாகப் பேசும். இரண்டாம் தந்தியில் அதே சுரத்துக்குச் சதைப்பிடிப்பு வந்துவிடும். இடது கை விரலை அசைத்து அதை நடுங்கவும் வைக்கலாம். மூன்றாம் தந்தியில் குரல் கம்மும். நான்காவதில் இன்னும் இருண்டு, உள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கும். ஐந்தாம் தந்தியின் 19ஆவது ஃபிரெட்டை எட்டுவதே பெரும்பாடு என்பதால் அதை யாரும் அநேகமாக எழுதுவதில்லை.

ஸ்டாஃப் நொட்டேஷனில் இவை அனைத்துக்கும் ஒரே புள்ளிதான்: ஐந்து கோடுகளில் மேல் இடைவெளியில் ஒரு புள்ளி. எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்பதை அது சொல்லும். எந்தத் தந்தி, எந்த இடம் என்பதைச் சொல்லாது. பியானோவுக்கு இதனால் நஷ்டம் இல்லை. அங்கே ஒரு சுரத்துக்கு ஒரு கட்டைதான். கிட்டாரில் இடம் மாறினால் தொனி மாறிவிடுகிறது. ஆகவே கிட்டாருக்கு இசையமைப்பவர் சுரங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு எழுந்துவிட முடியாது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் இடத்தையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அவர் தேர்ந்தெடுக்காவிட்டால் வாசிப்பவர் தேர்ந்தெடுப்பார். அப்போது இசையின் பாதியை எழுதியவர் வாசிப்பவர்தான் என்பேன்.

தொனி ஏன் மாறுகிறது என்பதற்குத் தந்தியையே பார்க்கலாம். விரல் பிடித்து இழுக்கும்போது தந்தி ஒரு முக்கோணமாக வளைகிறது. விரல் விட்டதும் அந்த வளைவின் முனை இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் ஓடி, ஓரங்களில் மோதித் திரும்புகிறது. இந்த ஓட்டத்தைப் பல எளிய அதிர்வுகளின் கூட்டு என்று கணிதம் பிரித்துக் காட்டும். முழுத் தந்தியும் ஒரே வீச்சாக அசைவது முதல் சீரிசை. இரண்டு பாதிகளாகப் பிரிந்து அசைவது இரண்டாம் சீரிசை. அதன் வேகம் இரு மடங்கு. மூன்று துண்டாக, நான்கு துண்டாக என்று இது மேலே போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில், ஒரே தந்தியில் நடக்கின்றன. எந்தச் சீரிசை எவ்வளவு வலுவாக இருக்கிறது, எது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதைத்தான் நம் காது தொனியாகக் கேட்கிறது.

ஒளி ஓர் அலை என்று காட்டியதற்காகப் பள்ளிப் பாடங்களில் வரும் தாமஸ் யங் ஒலியையும் ஆழமாக ஆராய்ந்தவர். 1800இல் வெளியான அவருடைய கட்டுரையில் கிட்டார்காரர்களுக்கு மிகவும் வேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. ஒரு சீரிசை அதிராமல் நிற்கும் புள்ளி அதன் கணு. அந்தக் கணுவிலேயே தந்தியை மீட்டினால் அந்தச் சீரிசை எழுவதே இல்லை. தந்தியை நட்ட நடுவில் மீட்டினால் 2, 4, 6 என்ற இரட்டைப்படைச் சீரிசைகள் அத்தனையும் காணாமல் போகும். ஓரத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தொலைவில் மீட்டினால் 5, 10, 15 போய்விடும்.

இப்போது கிட்டாரை மடியில் வைத்துக் கணக்குப் போடலாம். கிளாசிக்கல் கிட்டாரில் தந்தியின் நீளம் வழக்கமாக 650 மி.மீ. வலது கை, பிரிட்ஜிலிருந்து 130 மி.மீ. தொலைவில், ஒலித்துளையின் ஓரத்தையொட்டி மீட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்த முதல் தந்திக்கு அது சரியாக ஐந்தில் ஒரு பங்கு. வலது கையை அசைக்காமல் அதே ஈ சுரத்தை இரண்டாம் தந்தியில் வாசித்தால், 5ஆவது ஃபிரெட்டில் அழுத்திய பிறகு அதிரும் நீளம் சுமார் 487 மி.மீ.தான். மீட்டும் இடம் இப்போது கால் பங்கைத் தாண்டிவிட்டது. மூன்றாம் தந்தியில் மிஞ்சும் நீளம் சுமார் 386 மி.மீ.; மீட்டும் இடம் மூன்றில் ஒரு பங்கு. நான்காம் தந்தியில் சுமார் 290 மி.மீ.; கை கிட்டத்தட்ட நடுவிலேயே வந்து நிற்கிறது. வலது கை நகரவே இல்லை. தந்தியைப் பொறுத்தவரை அது பிரிட்ஜ் பக்கமிருந்து நடு வரை பயணம் செய்துவிட்டது.

இதன் விளைவை எண்களில் பார்க்கலாம். வளைவதற்கு எதிர்ப்பே காட்டாத ஓர் இலட்சியத் தந்தி பிரிட்ஜை எவ்வளவு விசையுடன் உலுக்குகிறது என்று கணக்கிட்டால், திறந்த முதல் தந்தியில் இரண்டாம் சீரிசையின் வலு முதல் சீரிசையில் 81 சதவீதம் இருக்கிறது. இரண்டாம் தந்தியில் அது 67 ஆகிறது, மூன்றாம் தந்தியில் 49. நான்காம் தந்தியில் வெறும் 16. சுரம் மாறவில்லை, மீட்டிய இடமும் மாறவில்லை. ஒலியின் உள்கட்டமைப்பு மட்டும் ஆளே மாறியதுபோல் ஆகிவிட்டது. நான்காம் தந்தியில் அந்த ஈ ஏன் இருண்டு ஒலிக்கிறது என்பதற்குப் பெரும்பகுதி விடை இந்த 16இல் இருக்கிறது.

மீதி விடை தந்தியின் உடம்பில் இருக்கிறது. முதல் தந்தி சுமார் 0.7 மி.மீ. தடிமனுள்ள நைலான், மூன்றாவது சுமார் 1 மி.மீ. தடித்த தந்தியை எவ்வளவு குறைந்த நீளத்தில் அதிர வைக்கிறோமோ அவ்வளவுக்கு அது கம்பியின் குணத்தை விட்டுக் குச்சியின் குணத்துக்கு வருகிறது. உயர் சீரிசைகள் சரியான மடங்கிலிருந்து சற்று மேலே விலகுகின்றன, சீக்கிரமும் அடங்கிவிடுகின்றன. கிளாசிக்கல் கிட்டாரில் மூன்றாம் தந்தி மழுங்கலாக ஒலிக்கிறது என்ற பழைய புகாருக்குக் காரணம் இதுதான். நான்கு, ஐந்து, ஆறாம் தந்திகளில் மெல்லிய நைலான் இழைகளின் மேல் உலோகக் கம்பி சுற்றப்பட்டிருக்கிறது. அவற்றின் மேல் விரல் வழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தமும் சேர்ந்துகொள்ளும்.

இனி வலது கையை நகர்த்துவோம். பிரிட்ஜிலிருந்து 32 மி.மீ. தொலைவில், அதாவது இருபதில் ஒரு பங்கில், திறந்த தந்தியை மீட்டினால் பத்தாம் சீரிசையின் விசை முதல் சீரிசையின் 64 சதவீதத்தைத் தொடுகிறது. ஐந்தில் ஒரு பங்கில் மீட்டியபோது இதே பத்தாம் சீரிசை பூஜ்யமாக இருந்தது. நாலு அங்குல நகர்வில் இவ்வளவு மாற்றம். பிரிட்ஜ் ஓரத்து இந்த உலோகத் தொனியை ‘சுல் பொந்திசெல்லோ’ அல்லது ‘மெட்டாலிக்கோ’ என்று எழுதுவார்கள். ஃபிரெட் பலகைப் பக்கம் நகர்ந்தால் ‘சுல் தாஸ்தோ’. அதன் இனிமையைக் கேட்க ‘தோல்சே’ என்று எழுதுவதும் உண்டு. நகத்தால் மீட்டுவதா, விரல் சதையால் மீட்டுவதா என்பதும் இதே கணக்கில் வரும். கூர்மையான முனை தந்தியில் கூர்மையான முக்கோணத்தை உண்டாக்கும்; அகலமான சதை அந்த முனையை உருட்டிவிடும். முனை உருண்டால் உயர் சீரிசைகள் குறையும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியுணர்வு பற்றி 1863இல் வெளியிட்ட நூலிலும் இது விளக்கப்பட்டிருக்கிறது.

அறிவியல் இதை எழுதி வைப்பதற்கு முன்பே விரல்களுக்குத் தெரிந்திருந்தது. ஸ்பெயினில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஃபெர்னாண்டோ சோர் 1830இல் வெளியிட்ட கிட்டார் பயிற்சி நூலில், இந்த ஒற்றை வாத்தியத்தில் ஹார்ன், ட்ரம்பெட், ஓபோ, ஹார்ப் ஆகியவற்றின் குரலை எப்படி வரவழைப்பது என்று சொல்லித் தருகிறார். சோர் நகம் வைத்து வாசிப்பதை விரும்பாதவர். ஓபோவின் மூக்கொலிக்காக மட்டும் அவர் பிரிட்ஜ் ஓரம் போய், விரலை வளைத்து, தம்மிடமிருந்த கொஞ்ச நகத்தையும் பயன்படுத்துகிறார். அவருடைய நண்பர் தியோனிசியோ அகுவாதோ நகத்தால் வாசிப்பவர். இருவரும் சேர்ந்து வாசிப்பதற்கென்றே ‘இரு நண்பர்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் இரட்டைக் கிட்டார் இசையை சோர் எழுதினார். சதையும் நகமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒலித்த அந்த வாசிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே ஆசையாக இருக்கிறது. ஆனால் அச்சிட்ட தாளில் இரண்டு பங்குகளும் ஒரே மாதிரிப் புள்ளிகள்தான்.

தாள் எப்போதும் இப்படி இருக்கவில்லை. சோருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கிட்டார் இசை டாப்லேச்சரில் எழுதப்பட்டது. அதில் கோடு என்பது தந்தி. கோட்டின் மேலிருக்கும் எண் ஃபிரெட். எந்தச் சுரம் என்று அது சொல்லாது, விரலை எங்கே வைப்பது என்று மட்டும் சொல்லும். காஸ்பர் சான்ஸ் 1674இல் ஸ்பெயினின் சரகோசாவில் வெளியிட்ட நூல் இதற்கு அருமையான சான்று. அன்றைய கிட்டாருக்கு ஐந்து வரிசைத் தந்திகள். நான்காவதையும் ஐந்தாவதையும் கீழ் ஸ்தாயியில் கட்டாமல் உயரமாகக் கட்டுவது நுட்பமான வாசிப்புக்கு நல்லது என்பது சான்ஸின் கட்சி. அப்படிக் கட்டினால், அடுத்தடுத்த சுரங்களை அடுத்தடுத்த தந்திகளில் வாசிக்கலாம். முந்தைய சுரம் அடங்குவதற்குள் அடுத்தது எழும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கலந்து மணிக்கொத்து அசைந்தது போல் ஒலிக்கும். இதற்குக் ‘காம்பனேலா’ என்று பெயர். டாப்லேச்சரில் இது பளிச்சென்று தெரியும்: எண்கள் கோட்டுக்குக் கோடு தாவும். அதே வரியை ஸ்டாஃபில் மாற்றி எழுதினால் ஏறி இறங்கும் சாதாரண ஸ்கேல் ஒன்றுதான் கண்ணில் படும். ஒரே தந்தியில் விரலை நகர்த்தி அதை வாசித்துவிட்டால் மணிகள் போய்விட்டன.

டாப்லேச்சரிலும் ஓட்டை உண்டு. அடுத்த சுரம் எப்போது தொடங்கும் என்று அது சொல்லும். இந்தச் சுரம் எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்று சொல்லாது. மேல் குரல் எது, கீழ்க்குரல் எது என்ற பிரிவும் அதில் தெரியாது. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிட்டார் முழுவதுமாக ஸ்டாஃபுக்கு மாறியதற்கு இந்தக் குரல் பிரிப்பு ஒரு வலுவான காரணம். மேல் குரலின் காம்பு மேல்நோக்கி, கீழ்க்குரலின் காம்பு கீழ்நோக்கி என்று எழுதியதும், ஒரே வாத்தியத்தில் இரண்டு மூன்று பேர் பேசுவது தாளிலேயே தெரிந்தது. லாபம் பெரியது. இழந்த இட விவரத்தை அன்றிலிருந்து சின்னச் சின்னக் குறிகளால் திரும்பச் சேர்த்துக்கொண்டே வருகிறோம்: தந்திக்கு வட்டத்துக்குள் எண், இடது கை நிற்கும் ஃபிரெட்டுக்கு ரோமன் எண், வலது கை விரல்களுக்கு ஸ்பானியப் பெயர்களின் முதலெழுத்து.

இந்தக் குறிகளை யார் எழுதுவது என்பதில்தான் சிக்கல். பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1844இல் வெளியான வாத்தியக் கோவை நூலில், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் கிட்டாருக்கு நன்றாக எழுதுவது ஏறக்குறைய முடியாத காரியம் என்கிறார். அவர் கிட்டார் வாசிப்பவர். அவர் சொன்னது முழுக்கச் சரியாகிவிடவில்லை. கிட்டார் கலைஞரல்லாத மனுவேல் தெ ஃபாயா 1920இல் தெபுஸியின் நினைவாக எழுதிய சிறு இசை, இன்றும் கிட்டார் மேடைகளில் நிலைத்திருக்கிறது. பெஞ்சமின் பிரிட்டன் 1963இல் கிட்டார் கலைஞர் ஜூலியன் பிரீமுக்காக ‘நாக்டர்னல்’ எழுதினார். அச்சில் வந்தபோது அதைப் பதிப்பித்தவர் பிரீம். வாசிப்பவரின் விரல்கள் பக்கத்தில் இருந்ததால் நடந்த அற்புதங்கள் இவை. பெர்லியோஸின் எச்சரிக்கைக்கு இவை மறுப்பு என்பதைவிட, அதை மதித்து நடந்ததன் பலன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாத்தியத்தைக் கையில் வைத்து யோசித்தவர் என்ன செய்வார் என்பதற்கு பிரேசில் இசையமைப்பாளர் வில்லா-லோபோஸ் போதும். 1920களில் அவர் எழுதிய 12 எட்யூடுகளில் பதினொன்றாவதில் ஓர் இடம் வருகிறது: இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் பார்த்த அதே ஈ, திறந்த முதல் தந்தியிலும் அழுத்திய மற்றத் தந்திகளிலும் மாறி மாறி ஒலிக்கும். சுருதி அசையாமல் நிற்கிறது, தொனி மட்டும் மினுங்குகிறது. கீழே மெட்டு தன் வழியில் நடக்கிறது. பியானோவில் இதை வாசித்தால் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டுவதாக முடிந்துவிடும். இடத்தையே இசையாக எழுதியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

கால அளவிலும் தாள் முழு உண்மை பேசுவதில்லை. கிட்டார் சுரம் மீட்டிய கணத்திலிருந்தே அடங்கத் தொடங்குகிறது. நான்கு எண்ணிக்கைக்கு நீளும் வெள்ளைப் புள்ளியைத் தாளில் எழுதலாம். முதல் தந்தியின் உயரமான ஃபிரெட் ஒன்றில் அந்தச் சுரம் நான்காவது எண்ணிக்கைக்குள் மூச்சு விட்டிருக்கும். இதற்கு நேரெதிராக, குட்டையாக எழுதிய திறந்த தந்தி, யாரும் கை வைத்து அடக்காவிட்டால், அடுத்த மாத்திரைக்குள்ளும் ஒலித்துக்கொண்டிருக்கும். எதை ஒலிக்க விடுவது, எதை அடக்குவது என்று இசையமைப்பாளர் குறிக்காவிட்டால் ஹார்மனி கலங்கிவிடும். விரல் இழுக்கும் திசையும் இதில் உண்டு. தந்தியை மேல்பலகையை நோக்கி அழுத்தி விட்டால் பலகை அதிகமாக அசையும். ஒலி பெரிதாக எழுந்து சீக்கிரம் செலவாகும். பலகைக்கு இணையாக இழுத்து விட்டால் ஒலி சிறிது, ஆயுள் நீளம்.

கிட்டாரின் பெட்டியும் தன் பங்குக்குச் சில சுரங்களைத் தூக்கிவிடும். பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒலித்துளை வழியே உள்ளும் புறமும் அசையும் இயல்பான வேகம் 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. ஆறாம் தந்தியின் 3ஆவது ஃபிரெட்டில் கிடைக்கும் ‘ஜி’ 98 ஹெர்ட்ஸ். பல கிட்டார்களில் அந்த ஜியோ அதற்கு அடுத்த சுரமோ பக்கத்துச் சுரங்களைவிட உரக்க எழுந்து, விரைவில் அடங்கும். திறந்த ஆறாம் தந்தியின் 82 ஹெர்ட்ஸ் அதற்குக் கீழே இருப்பதால் அதன் முதல் சீரிசையைப் பெட்டி சரியாக வெளியே தள்ளுவதில்லை. நாம் கேட்கும் ஆழமான ஈயில் பெரும்பகுதி, மேல் சீரிசைகளை வைத்துக் காதும் மூளையும் கட்டிக்கொள்வது.

எழுத்து வழக்கங்களில் மிகக் குழப்பமானது ஹார்மோனிக்ஸ். தந்தியை அழுத்தாமல் ஒரு கணுவில் தொட்டு மீட்டினால், அந்தக் கணுவுக்கு ஒத்துப்போகும் சீரிசைகள் மட்டும் மிஞ்சி, புல்லாங்குழல் சாயலில் ஒலிக்கும். ஆறாம் தந்தியை 7ஆவது ஃபிரெட்டுக்கு நேராகத் தொடுங்கள். அது மூன்றில் ஒரு பங்கு. எழுவது மூன்றாம் சீரிசை, 247 ஹெர்ட்ஸ். திறந்த இரண்டாம் தந்தியின் ‘பி’யும் அதே சுருதி. இதை எழுத மூன்று வழக்கங்கள் உண்டு. ஒலிக்கும் சுரத்தையே சாய்சதுரப் புள்ளியாக நடுக்கோட்டில் போடுவார் ஒருவர். விரல் தொடும் ஃபிரெட்டின் சுரத்தைச் சாய்சதுரமாகக் கோடுகளுக்குக் கீழே போடுவார் இன்னொருவர். அது ஒரு ஸ்தாயி தாழ்ந்திருக்கும். மூன்றாமவர் திறந்த தந்தியின் ஈயை எழுதிப் பக்கத்தில் 7 என்று குறிப்பார்.

நடுக்கோட்டுச் சாய்சதுரம் தொட வேண்டிய இடத்தைக் காட்டுகிறது என்று வாசிப்பவர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? நடுக்கோட்டு பி மூன்றாம் தந்தியின் 4ஆவது ஃபிரெட்டில் இருக்கிறது. அங்கே தொட்டால் ஐந்தாம் சீரிசை எழும்: 980 ஹெர்ட்ஸ். எழுதியவர் கேட்ட பிக்கு இரண்டு ஸ்தாயி மேலே, அதுவும் ஃபிரெட்களின் சம அளவுச் சுருதியைவிட 14 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைவாக. நான்காம் தந்தியின் 9ஆவது ஃபிரெட் என்று எடுத்துக்கொண்டால் கிடைப்பது பியே அல்ல, எஃப் ஷார்ப். தாளில் ஒரு சாய்சதுரம். மேடையில் மூன்று வெவ்வேறு ஒலிகள். தந்தி எண், ஃபிரெட் எண், ஒலிக்கும் சுரம் மூன்றையும் எழுதிவிடுவது கொஞ்சம் இடத்தை அடைக்கும். குழப்பத்துக்கு இடம் வைக்காது.

இந்த வழியில் கடைசி வரை போனவர் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹெல்முட் லாஹன்மான். 1977இல் இரண்டு கிட்டார்களுக்கு அவர் எழுதிய ‘சல்யூட் ஃபூர் காட்வெல்’ இசையில், கேட்க வேண்டிய சுரத்தைவிடக் கை செய்ய வேண்டிய செயல் தாளில் முன்னுக்கு வருகிறது. தந்தி மேல் சறுக்கும் ஸ்லைடு, அடக்கிய தந்தியின் வறண்ட தட்டு, தேய்ப்பு எல்லாம் அதில் எழுத்தாகியிருக்கின்றன. மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய டாப்லேச்சரின் வம்சம் அது.

எல்லோரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இரண்டாம் தந்தியிலேயே பாட வேண்டிய நான்கு சுரங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: 5ஆவது ஃபிரெட்டில் தொடங்கி 12ஆவதில் முடியும் ஒரு சிறு மெட்டு. முதல் தந்திக்குத் தாவினால் கை நகரவே வேண்டாம், சுலபமாக வாசித்துவிடலாம். ஆனால் மெட்டின் முதல் புள்ளிக்கு மேல் வட்டத்துக்குள் 2 என்று எழுதிக் கடைசிப் புள்ளி வரை ஒரு புள்ளிக்கோடு இழுத்தால், இடது கை ஃபிரெட் பலகையில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறும்போது சுரங்களுக்கு நடுவில் ஒரு கண இடைவெளி விழும். அதிரும் நீளம் குறையக் குறைய வலது கை இருந்த இடத்திலேயே தந்தியின் நடுவை நெருங்கும். 12ஆவது ஃபிரெட்டில் மிஞ்சுவது 325 மி.மீ.; 130 அதில் ஐந்தில் இரண்டு பங்கு. கணீரென்று தொடங்கிய மெட்டு, உயர உயர இருண்டு முடியும். கடைசிச் சுரம் வரை தொனி ஒரே மாதிரி வேண்டும் என்றால் ‘வலது கையைப் பிரிட்ஜ் பக்கம் நகர்த்துக’ என்று இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும்.